காவல் நிலையத்தில் சொன்னது சாட்சியமாகாது
சாட்சியச் சட்டத்தின் கதை – 5

1872-க்கு முன் இந்த நாட்டு நீதிமன்றங்களில் சாட்சியம் எப்படி எடுக்கப்பட்டது என்று சென்ற வாரம் பார்த்தோம். சென்னைப் பட்டணத்துக்குள் சுப்ரீம் கோர்ட்டில் ஆங்கிலேயச் சாட்சிய விதிகள் நடந்தன. பட்டணத்து எல்லையைத் தாண்டினால் கிழக்கிந்தியக் கம்பெனியின் சதர் அதாலத், பௌஜ்தாரி அதாலத் என்ற நீதிமன்றங்கள் இருந்தன. அங்கே இஸ்லாமியச் சட்ட மரபும் கம்பெனியின் ரெகுலேஷன்களும் நீதிபதியின் சொந்த மதிப்பீடும் கலந்த ஒரு நடைமுறை. 1855-ஆம் ஆண்டின் இரண்டாவது சட்டம் சில குறைகளைத் தீர்த்தது. ஆனால் அது முழுமையான சாட்சியச் சட்டம் ஆகவில்லை.

இந்த வாரம் ஒரே ஒரு விதியை எடுத்துக்கொள்வோம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை, கொடுத்தவருக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றத்தில் வைக்க முடியாது என்பதே அந்த விதி. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் அது 25-ஆவது பிரிவு. போலீஸ்காரர் ஏட்டாக இருந்தாலும் கமிஷனராக இருந்தாலும் விதி ஒன்றுதான்.

இங்கிலாந்தில் இப்படி ஒரு முழுத் தடை கிடையாது. அங்கே கான்ஸ்டபிளிடம் சொன்னதும், மிரட்டலோ ஆசைகாட்டலோ இல்லாமல் தானாக முன்வந்து சொன்னதுதான் என்று காட்டிவிட்டால், சாட்சியமாகும். தன் நாட்டில் இல்லாத தடையை ஆங்கிலேயன் இந்தியாவுக்கு ஏன் எழுதிவைத்தான்? அதற்கான விடை சென்னை மாகாணத்தில், குறிப்பாக நம் தென் மாவட்டங்களில் இருக்கிறது.

லட்சுமிநரசு செட்டியும் ஓர் எம்.பி.யும்

1850-களின் தொடக்கம். சென்னையில் காஜுலு லட்சுமிநரசு செட்டி என்ற வணிகர் 'கிரெசென்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையை நடத்திவந்தார். 1852-இல் சென்னைவாசிகள் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. காங்கிரஸ் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. கம்பெனி ஆட்சியில் வரி வசூலிக்கக் குடியானவர்களை வதைக்கிறார்கள் என்பது அதன் முக்கியமான புகார்களில் ஒன்று.

1853-இல் டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் இந்தியா வந்தார். செட்டி அவரைத் தெற்கே பல ஊர்களுக்கு அழைத்துப்போய், வதைபட்டவர்களையே நேரில் பேசவைத்தார். 1854 ஜூலையில் லண்டன் காமன்ஸ் சபையில் சென்னை மாகாணத்து நிலவரி பற்றி விவாதம் எழுந்தபோது சீமோர் தாம் கண்டதையும் கேட்டதையும் எடுத்துச் சொன்னார். அவையில் பலர் நம்ப மறுத்தார்கள். ஆனாலும் விசாரிக்காமல் விடமுடியாத நிலை கம்பெனிக்கு வந்துவிட்டது. ஆளுநர் ஹாரிஸ் பிரபு அதே ஆண்டில் மூன்று பேர் கொண்ட கமிஷனை அமைத்தார். எலியட், ஸ்டோக்ஸ், பாரிஸ்டர் ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகியோர் அந்த மூவர். வரலாற்றில் அதற்குச் சென்னைச் சித்திரவதைக் கமிஷன் என்றே பெயர்.

கமிஷன் புகார்களை வரவேற்று அறிவிப்பு கொடுத்தது. ரயில் இன்னும் வராத காலம். வண்டி கட்டிக்கொண்டும் கால்நடையாகவும் ஜனங்கள் சென்னைக்கு வந்தார்கள். நேரில் வந்து முறையிட்டவர்கள் 519 பேர். வரமுடியாதவர்கள் எழுதி அனுப்பிய கடிதங்கள் 1,440. ஆக மொத்தம் 1,959 புகார்கள். 1855 ஏப்ரலில் அறிக்கை முடிந்தது.

ஒரு மனு

அந்த அறிக்கையோடு வந்த மனுக்களில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். பிசான நெற்பயிரை நம்பிப் பிழைத்த தென்சீமைக் குடியானவர் ஒருவர் கொடுத்தது அது. அந்த ஆண்டு மழை பொய்த்துப் பிசானமும் புஞ்சையும் போய்விட்டன. வரிக் கணக்கு முடிக்கும் ஜமாபந்தியில் அவரும் ஊராரும் வஜா, அதாவது வரித் தள்ளுபடி, கேட்டார்கள். விளைச்சல் பொய்த்தால் வரியைத் தள்ளித் தரவேண்டும் என்று 1837-இல் அன்றைய கலெக்டரோடு செய்துகொண்ட உடன்படிக்கையை எடுத்துக்காட்டினார்கள். வஜா கிடைக்கவில்லை. அப்படியானால் பட்டா வாங்கமாட்டோம் என்று நின்றார்கள்.

தாசில்தாரின் ஆட்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அவர்களைத் தினமும் வெயிலுக்கு இழுத்துப்போனார்கள். குனியவைத்து முதுகில் கல் ஏற்றி, கொதிக்கும் மணலில் நிறுத்தினார்கள். இரவு எட்டு மணிக்கு மேல்தான் சோற்றுக்கு விட்டார்கள். கலெக்டரிடம் மனு கொடுக்கப் போனார்கள். அவர் வாங்க மறுத்தார். செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட் அந்த மனுவை அதே கலெக்டருக்கே அனுப்பிவைத்தது. செப்டம்பரில் நோட்டீஸ் வந்தது. இருபத்தைந்து நாளில் சொத்தை ஜப்தி செய்தார்கள், பிறகு விற்றார்கள். வீட்டுப் பெண்களையும் விடவில்லை, அவர்கள் மார்பில் கிட்டி வைத்தார்கள் என்று மனு முடிகிறது.

கிட்டி என்பது இரண்டு மரத்துண்டுகளை இடுக்கி போல் சேர்த்த கருவி. விரல், தொடை, காது என எதை வேண்டுமானாலும் நடுவில் கொடுத்து நெரிக்கலாம். இன்னொரு முறை அண்ணாந்தாள். ஆளின் வேட்டியையோ கயிற்றையோ கழுத்திலும் கால் கட்டைவிரலிலும் மாட்டி, உடம்பை வளைத்துக் கட்டிப் பல மணிநேரம் அப்படியே விடுவது. மிளகாய்ப் பொடி, தூங்கவிடாமை, பட்டினி, மயிரைப் பிடித்துக் கழுதை வாலில் கட்டுதல் என்று அறிக்கையின் பட்டியல் நீளுகிறது. இந்த அறிக்கையை வைத்துத்தான் கார்ல் மார்க்ஸ் 1857 செப்டம்பரில் 'நியூயார்க் டெய்லி டிரிப்யூன்' பத்திரிகையில் இந்தியச் சித்திரவதை பற்றிக் கட்டுரை எழுதினார்.

வரிக்கும் வாக்குமூலத்துக்கும் ஒரே கை

வரி பாக்கிக்காக நடந்த கொடுமைக்கும் சாட்சியச் சட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 1816-ஆம் ஆண்டின் ரெகுலேஷன்படி சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கும் தாசில்தாரே போலீஸ் தலைவர். பகலில் வரிக் கிஸ்திக்குக் கிட்டி வைத்த அதே சேவகன்தான் இரவில் களவு விசாரித்தான். பணம் வரவழைக்கப் பழகிய முறையே வாக்குமூலம் வரவழைக்கவும் பயன்பட்டது. களவுபோன நகைக்கு ஆள் கிடைக்கவில்லையா? சந்தேகப்பட்ட ஒருவனைப் பிடித்துக் கட்டினால் போதும், களவும் அவன் வாயிலிருந்து வரும், கூட்டாளிகளின் பெயரும் வரும். இந்த வதை மாகாணம் முழுவதும் பரவியிருக்கிறது, வரித்துறையிலும் போலீஸிலும் ஒருபோல வேரூன்றியிருக்கிறது என்று கமிஷன் முடிவு சொன்னது.

கமிஷன் செய்த அநியாயத்தையும் சொல்லவேண்டும். பழியை முழுக்கச் சுதேசி ஊழியர்கள் மேல் போட்டு, வெள்ளைக்கார அதிகாரிகளை அது விடுவித்துவிட்டது. மனுவை வாங்க மறுத்த கலெக்டருக்கும், மனுவைக் கலெக்டருக்கே திருப்பிய நீதிமன்றத்துக்கும் பொறுப்பில்லை என்பது எந்த வகை நீதி? வெயிலில் நின்றவர்களின் பெயரால் நான் அதை ஏற்கமாட்டேன்.

ஆனாலும் அறிக்கைக்குப் பலன் இருந்தது. 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டத்தால் சென்னை மாகாணத்தில் போலீஸ் வருவாய்த்துறையிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனித் துறையானது. கமிஷனில் இருந்த நார்ட்டன், கம்பெனி நீதிமன்றங்களில் செல்லும் சாட்சிய விதிகளைப் பற்றிச் சென்னையில் சட்ட மாணவர்களுக்குச் சொற்பொழிவாற்றி, அதைப் பெரிய நூலாகவும் வெளியிட்டார். வதைபட்டவர்களின் குரலைக் காதால் கேட்டவர் எழுதிய பாடநூல் அது.

அடுத்து வந்தது 1861-ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டம். அதன் 148-ஆவது பிரிவு, போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்றது. போலீஸ் காவலில் இருக்கும்போது யாரிடம் ஒப்புக்கொண்டாலும், மாஜிஸ்திரேட் நேரில் இருந்தாலொழிய, செல்லாது என்றது 149. இந்த இரண்டுக்கும் ஒரு விலக்கு கொடுத்தது 150. அந்த விலக்கைப் பிறகு பார்ப்போம்.

ஸ்டீபனும் நேப்பியரும்

1868-இல் வைஸ்ராய் சபையின் சட்ட உறுப்பினர் ஹென்றி மெயின் ஒரு சாட்சிய மசோதாவைக் கொண்டுவந்தார். இந்திய நிலைமைக்குப் பொருந்தாது என்று அது கைவிடப்பட்டது. அவருக்குப் பின் வந்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் பெரியப்பா. இரண்டரை ஆண்டுதான் இந்தியாவில் இருந்தார். அதற்குள் சாட்சியச் சட்டம் முழுவதையும் புதிதாக எழுதினார். 167 பிரிவுகள். எது தொடர்புள்ள சங்கதி, எதை எப்படி மெய்ப்பிப்பது, மெய்ப்பிக்கும் பொறுப்பு யார் தலையில் என்று மூன்று பகுதிகளில் அடுக்கி, கடினமான இடங்களில் உதாரணங்களையும் சேர்த்தார்.

1861-இன் அந்த மூன்று பிரிவுகளையும் ஸ்டீபன் அப்படியே எடுத்துவந்து 25, 26, 27 என்று வைத்தார். ஏன் வேண்டும் என்பதை அவர் அறிந்தே செய்தார். போலீஸார் ஏன் வதைக்கிறார்கள் என்ற பேச்சு வந்தபோது அனுபவமுள்ள அதிகாரி ஒருவர் தந்த விளக்கத்தை அவர் பின்னாளில் பதிவுசெய்திருக்கிறார். அதன் சாரம் இதுதான்: வெயிலில் அலைந்து சாட்சியம் தேடுவதைவிட, நிழலில் உட்கார்ந்து ஓர் ஏழையின் கண்ணில் மிளகாய்ப் பொடி தேய்ப்பது சுலபம். அந்தச் சுலப வழியை அடைக்க ஒரே உபாயம், அந்த வழியில் வந்த சரக்கை நீதிமன்றத்தில் வாங்காமல் இருப்பது. 25-ஆவது பிரிவின் தத்துவம் முழுவதும் இவ்வளவுதான்.

மசோதா சபையில் இருக்கும்போதே, 1872 பிப்ரவரி 8 அன்று, வைஸ்ராய் மேயோ பிரபு அந்தமானில் குத்திக் கொல்லப்பட்டார். புதிய வைஸ்ராய் வரும்வரை பொறுப்பேற்கச் சென்னை ஆளுநர் நேப்பியர் கல்கத்தாவுக்குப் போனார். நம் சென்னைக் கூவத்தின் மேல் நிற்கும் நேப்பியர் பாலம் அவர் பெயரில் உள்ளதுதான். 1872 மார்ச் 15 அன்று சாட்சியச் சட்டம் ஒப்புதல் பெற்றபோது வைஸ்ராய் நாற்காலியில் இருந்தவர் இந்தச் சென்னை ஆளுநர். செப்டம்பர் 1 முதல் சட்டம் அமலானது.

26-ஆவது பிரிவிலும் நம் ஊர் தெரிகிறது. மாஜிஸ்திரேட் முன் கொடுத்த வாக்குமூலம் செல்லும் என்றால், அன்று நம் கிராமங்களில் சிறு வழக்குகளைத் தீர்த்த கிராம முனிசீப்பும் மாஜிஸ்திரேட்தானே என்ற கேள்வி வந்தது. போலீஸார் முனிசீப் வீட்டுத் திண்ணையில் ஆளை உட்காரவைத்து எழுதி வாங்கிவிடலாமே? அதனால் 1891-இல் ஒரு விளக்கம் சேர்த்தார்கள்: செயின்ட் ஜார்ஜ் கோட்டை மாகாணத்திலோ பிற இடங்களிலோ உள்ள கிராமத் தலைவர், முறையான மாஜிஸ்திரேட் அதிகாரம் பெறாதவரை, இந்தப் பிரிவுக்கு மாஜிஸ்திரேட் ஆகமாட்டார். சுதந்திரம் வந்து, மாகாணம் மாநிலமாகி, 1980-இல் கிராம முனிசீப் பதவியே ஒழிந்த பிறகும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பெயர் அந்தச் சட்டத்தில் கடைசிவரை நின்றது.

இருபத்தேழாவது பிரிவு

இனி அந்த விலக்கு. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருளோ ஒரு சங்கதியோ கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் சாட்சியமாக ஏற்கலாம் என்பது 27. சொன்ன இடத்தில் பொருள் கிடைத்துவிட்டால் சொன்னது உண்மை என்றாகிறது, உண்மை என்றால் ஏற்பதில் என்ன தவறு என்பது அதன் நியாயம்.

எந்தப் பகுதி மட்டும் என்பதில்தான் சண்டை. 1937-இல் அத்தப்ப கவுண்டன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு வாசலை அகலத் திறந்தது. இந்த ஆயுதத்தால் கொன்றேன் என்ற சொற்களும் கண்டுபிடிப்போடு சேர்ந்தவையே என்று ஏற்றது. அப்படியானால் 25-ஆவது பிரிவு இருந்தும் இல்லாததுதான். ஒரு கத்தியை எடுத்துக் காட்டினால் கொலை முழுவதும் வாக்குமூலமாக உள்ளே வந்துவிடும்.

பத்தாண்டுக்குள் அது திருத்தப்பட்டது. குண்டூர் மாவட்டக் கொலை வழக்கு ஒன்று, புலுக்குரி கொட்டையா வழக்கு, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. எதிரிகளை வழிமறித்து அடித்துக் கொன்றோம், ஈட்டியையும் தடியையும் இன்னாருடைய வைக்கோற்போரில் ஒளித்தேன், வந்தால் காட்டுகிறேன் என்பது அதில் வந்த ஒரு வாக்குமூலம். 1946 டிசம்பரில் சர் ஜான் போமான்ட் எழுதிய தீர்ப்பு கோடு கிழித்தது. வைக்கோற்போரில் ஒளித்தேன், காட்டுகிறேன் என்பது வரை ஏற்கலாம். அடித்துக் கொன்றோம் என்பதை ஏற்க முடியாது. ஈட்டி இருந்த இடமும் அது அவருக்குத் தெரியும் என்பதுமே கண்டுபிடிக்கப்பட்ட சங்கதி. அதை வைத்து என்ன செய்தார் என்பதை வேறு சாட்சியத்தால் மெய்ப்பிக்கவேண்டும். இன்றும் நாடெங்கும் இந்தத் தீர்ப்பே வழிகாட்டி.

இன்று தமிழ்நாட்டில் எந்த செஷன்ஸ் நீதிமன்றத்திலும் ஒரு கொலை வழக்கு விசாரணைக்குப் போய் உட்காருங்கள். கிராம நிர்வாக அலுவலர் சாட்சிக் கூண்டில் ஏறுவார். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், போலீஸிடம் வாக்குமூலம் கொடுக்கும்போது தாமும் தம் உதவியாளரும் உடனிருந்ததாகச் சொல்வார். எதிரி முன்னே நடந்து போய் ஒரு முட்புதரிலிருந்து அரிவாளை எடுத்துக் கொடுத்ததாகச் சொல்வார். பொருளைக் கைப்பற்றியதற்கான மகஜரில் உள்ள தம் கையெழுத்தை அடையாளம் காட்டுவார். வாக்குமூலத்தின் ஏற்கத்தக்க பகுதி மட்டும் சான்றாவணமாகக் குறியிடப்படும். அரிவாள் சான்றுப்பொருளாகும். வழக்கறிஞர்கள் இதை ரெக்கவரி என்பார்கள். பல வழக்குகளில் அது உண்மையான ரெக்கவரி. சில வழக்குகளில் அரிவாள் முந்தைய நாளே காவல் நிலையத்துக்கு வந்திருக்கும்.

27-ஆவது பிரிவின் கேடு இங்கேதான் இருக்கிறது. சொல்லின் உண்மைக்குப் பொருள் சாட்சி என்று சட்டம் நம்பியது. அந்தச் சொல் எப்படி வந்தது என்பதை அது கேட்கவில்லை. அதனால் வாக்குமூலத்துக்காக அடிக்கும் தேவை போன இடத்தில், ரெக்கவரிக்காக அடிக்கும் தேவை உட்கார்ந்துகொண்டது. 1960-இல் இந்தப் பிரிவு சமத்துவ உரிமைக்கு எதிரானது என்ற வாதம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பெரும்பான்மை நீதிபதிகள் பிரிவு செல்லும் என்றார்கள். நீதிபதி சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார். நான் அவர் பக்கம்.

தடை உடைந்த காலம்

பயங்கரவாதத்தைத் தடுக்க 1987-இல் வந்த தடா சட்டத்தின் 15-ஆவது பிரிவு, எஸ்.பி. அந்தஸ்துள்ள அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக்கியது. 125 ஆண்டுகளாக நின்ற தடை அந்தச் சட்டத்தின் அளவுக்கு உடைந்தது. 1994-இல் உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது.

விளைவை நாம் அருகிலிருந்து பார்த்தோம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம், அது தடா சட்டத்தின்படியான பயங்கரவாதக் குற்றமே ஆகாது என்று சொல்லி 19 பேரை விடுவித்தது. ஆனால் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது. நால்வருக்குத் தூக்கு உறுதியானது. அவர்களில் ஒருவர் பேரறிவாளன். இரண்டு பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தது அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அவை எதற்கு என்று தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவுசெய்த அதிகாரியே ஓய்வுபெற்ற பின் 2013-இல் சொன்னார். தண்டனை குறைக்கப்பட்டு, 2022 மே மாதம் உச்ச நீதிமன்றத்தால் பேரறிவாளன் விடுதலையானபோது முப்பது ஆண்டுகளுக்கு மேல் போயிருந்தன. ஒரு வாக்கியம் எழுதப்படாததன் விலை அது. எழுதும் பேனா விசாரிப்பவர் கையில் இருக்கும்போது வாக்குமூலம் என்ன ஆகும் என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை.

தடா 1995-இல் காலாவதியானது. அதே ஏற்பாட்டோடு 2002-இல் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடா 2004-இல் நீக்கப்பட்டது. ஆனாலும் அந்த எண்ணம் போகவில்லை. 2003-இல், குற்றவியல் நீதிமுறைச் சீர்திருத்தத்துக்கான மலிமத் கமிட்டி, எஸ்.பி.யிடம் கொடுக்கும் வாக்குமூலத்தை எல்லா வழக்குகளிலும் ஏற்கலாம் என்று பரிந்துரைத்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தைப் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் பிடித்தபோது, நல்லவேளையாக, தடை பிழைத்தது. 25-உம் 26-உம் இப்போது 23-ஆவது பிரிவின் இரு உட்பிரிவுகள். பழைய 27 அதன் நிபந்தனை வரியாக அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தத் தடையால் குற்றவாளிகள் தப்புகிறார்கள் என்று சொல்பவர்களுக்கு என் பதில் ஒன்றே. வெயிலில் அலைந்து சாட்சியம் தேடுங்கள். கைரேகை, செல்போன் தடம், சிசிடிவி, மரபணுச் சோதனை என்று 1872-இல் கனவிலும் இல்லாத வழிகள் இன்று போலீஸாரிடம் உள்ளன. அப்படியிருந்தும் 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். தடை இருக்கும்போதே இந்த நிலை என்றால், அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

வாசகர்கள் இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் விசாரணையில் பரபரப்பு வாக்குமூலம் என்று நாளிதழில் படிக்கும்போது, சட்டத்தின் கண்ணில் அது சாட்சியமே இல்லை. அதை நம்பி யாரையும் குற்றவாளி என்று முடிவுகட்டாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த யாரையாவது போலீஸ் கைது செய்தால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அடித்திருந்தால் அங்கேயே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், காயத்தைக் காட்டச் சொல்லுங்கள், பதிவுசெய்யும்படி கேளுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாவிட்டால் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். போலீஸிடம் சொன்னது சாட்சியமாகாது என்பது, 1,959 புகார்களைச் சொல்ல ஜனங்கள் துணிந்ததால் கிடைத்த உரிமை. வாய் திறந்து கேட்டால்தான் பயன்படும்.

அடுத்த வாரம், சாகும் தறுவாயில் சொன்னதைச் சட்டம் ஏன் நம்புகிறது என்று, மரண வாக்குமூலத்தின் வரலாற்றைப் பார்ப்போம்.

(தொடரும்)